பெரும்படையும் தனியொருவனும்: சிற்றுருவப் போர் விளையாட்டு விதிகளும் தும்பைத் துறைகளும் (1751 விருத்தாசலம் – வாலிகண்டபுரம் படைநடப்பை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்றுப் போர்களைச் சிறு உருவங்களைக் கொண்டு மேசைமேல் நிகழ்த்தும் விளையாட்டிற்கென மேலைநாடுகளில் எழுதப்பட்ட விதிநூல்கள், ஒரு போரில் எதை எண்ண வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை முன்கூட்டியே வரையறுக்கின்றன. அவ்வகையில் அவை போர் பற்றிய இலக்கணங்களே. 'வாலி அண்ட் பேயனெட்' எனும் பெரும்போர் விதிநூலின் அளவையையும் மனவுறுதி எண்ணையும் 1751ஆம் ஆண்டில் விருத்தாசலம், வாலிகண்டபுரம் ஆகிய இடங்களில் நிகழ்ந்தவற்றோடு பொருத்திப் பார்க்கும் இக்கட்டுரை, தொல்காப்பியப் புறத்திணையியலும் புறப்பொருள் வெண்பாமாலையும் வகுக்கும் தும்பைத் துறைகளை ஒப்புநோக்கி, விதிநூலின் கணக்கில் அகப்படாமல் போவது எது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: போர் விளையாட்டு, புறத்திணை, தும்பை, எருமைமறம், விருத்தாசலம், வாலிகண்டபுரம், ஓர்ம், மனவுறுதி

முன்னுரை

1812ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியத்திற்கு ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு மேசையைச் செய்தளித்தார். மாற்றி மாற்றி அடுக்கத்தக்க நிலப்பலகைகளும், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு பீங்கான் கட்டைகளும் அதில் இருந்தன. அம்மேசை இன்றும் பெர்லின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் உள்ளது. அவருடைய மகன் 1824இல் அதனை வரைபடத்தின்மேல் ஆடும் முறையாகத் திருத்தி விதிநூலாக வெளியிட, 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற பெயரில் அது பிரஷ்ய அதிகாரிகளின் பயிற்சிக்கருவியாயிற்று. பொழுதுபோக்காக வீட்டுத் தரையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் முறைக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை எழுதினார். இன்று உலகெங்கும் ஆடப்படும் சிற்றுருவப் போர் விளையாட்டு இவ்விரு மரபுகளும் கலந்து வளர்ந்தது.

இவ்விளையாட்டைத் தமிழாய்வு கருத்திற்கொள்ள வேண்டிய காரணம் உண்டா என்ற வினா எழலாம். சதுரங்கத்தின் பிறப்பு குறித்தும் ஆடுபுலி ஆட்டம் குறித்தும் பேசியிருக்கிறோம். ஆனால் போரை விதிகளாக வகுத்தல் என்ற செயலைத் தமிழ் இலக்கண மரபு மிக விரிவாகச் செய்திருந்தும், அதனை அக்கோணத்தில் பிற விதிநூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை எனலாம். மேலும், இவ்விதிநூல்கள் தமிழகத்தைத் தொடாதவையும் அல்ல. ஃபில் பார்க்கரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய பண்டைப் போர் விதிகளுக்குரிய படைப்பட்டியல்களில் 'தமிழ் இந்தியர், சிங்களர்' என்றொரு பதிவு உள்ளது. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த ஒரே பதிவு நீள்கிறது. பாரியின் பறம்பும் இராசேந்திரனின் கடல்கடந்த படையும் ஒரு தலைப்பின்கீழ் அடங்கும் வகைப்பாட்டை நம் இலக்கிய வரலாற்று மாணவர் எவரும் ஏற்கமாட்டார். எனினும் அது இக்கட்டுரையின் பொருளன்று. ஆவணங்கள் மிகுதியாக உள்ள 18ஆம் நூற்றாண்டையும், ஓர் ஆற்றுப்படுகையையும் எடுத்துக்கொள்வது ஆய்வுக்கு எளிது.

விருத்தாசலத்தையும் அதனையடுத்த கருவேப்பிலங்குறிச்சியையும் உள்ளடக்கிய வெள்ளாற்றுப் படுகையே அந்நிலம். மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலடைகிறது. கருநாடகப் போர்களின் தொடக்கக் காட்சிகளுள் ஒன்று 1751இல் விருத்தாசலத்திலும், ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் இடையிலான பெரும்போர் 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையிலும் நிகழ்ந்தன. இன்று செராமிக் தொழிலால் அறியப்படும் விருத்தாசலம், களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்துச் சூளையிலிட்டு அகல்விளக்கும் கொலு பொம்மையும் செய்யும் ஊர். ரைஸ்விட்ஸின் பீங்கான் கட்டைகளைப் போன்றவற்றை வேண்டுமளவு செய்துகொள்ள இங்குக் கைகள் உண்டு. கட்டை எத்தனை பேரைக் குறிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெரும்போர் விதிநூலின் அளவை

போர் விளையாட்டு விதிகளில் இரு போக்குகள் உள்ளன. ஓர் உருவம் ஒரு மனிதரையோ சிலரையோ குறிக்கும் சிறு மோதல் விதிகள் ஒரு வகை. ஒரு தட்டில் ஒட்டப்பட்ட உருவங்கள் ஒரு முழுப் படைப்பிரிவைக் குறிக்கும் பெரும்போர் விதிகள் மற்றொரு வகை. பிராங்க் சாட்விக், கிரெக் நோவாக் ஆகியோர் 1994இல் வெளியிட்ட 'வாலி அண்ட் பேயனெட்' இரண்டாம் வகையின் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் அளவை தெளிவானது: மேசையில் ஓர் அங்குலம் நிலத்தில் 100 கெஜம், ஆட்டத்தின் ஒரு சுற்று ஒரு மணிநேரம், ஒரு வலிமை அலகு 500 வீரர். மூன்று அங்குல அகலமுள்ள தட்டு ஒரு பிரிகேடு. நெப்போலியனின் ஒரு பெரும்போரை உணவு மேசையளவு இடத்தில் ஒரு பிற்பகலில் ஆடி முடிக்கலாம் என்பது இந்நூலின் பெருமை; அது வெற்றுப் பெருமையுமன்று. தனி வீரனின் துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்படாமல், படைத்தலைவன் எதைக் காண்பானோ அதை மட்டும் ஆடுவோர்க்குக் காட்டுவதே அதன் கொள்கை. எண்ணாயிரம் பேர் கொண்ட கூட்டின் படை அதன்படி 16 அலகுகள். பரங்கிப்பேட்டை இவ்விதிக்கு நன்கு பொருந்தும் களம்.

அதே அளவையை வெள்ளாற்றின் மேற்பகுதிக்குக் கொண்டுசென்றால் நிலை மாறுகிறது. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து விருத்தாசலம் ஏறத்தாழ 40 மைல் என்று இராபர்ட் ஓர்ம் குறிக்கிறார். இவ்விதியின்படி அது 704 அங்குலம். அதாவது 59 அடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நீள மேசை எந்த வீட்டிலும் இராது. ஆகவே வழிநடையை ஆடுவோர் விட்டுவிடுவர். இரு படைகளும் எதிரெதிர் நின்ற பின்பே ஆட்டம் தொடங்கும். 1751இல் இப்பகுதியில் நடந்தவற்றுள் பெரும்பகுதி வழியிலேயே நடந்தது.

1751: விருத்தாசலமும் வாலிகண்டபுரமும்

ஓர்ம் அஞ்செங்கோவில் 1728இல் பிறந்தவர். பின்னர்ச் சென்னை ஆலோசனைக்குழுவில் இடம்பெற்றவர். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றிய அவரது நூலின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. தென்னிந்தியப் போர்களை மேசையில் ஆட விழைவோர் எவரும் முதலில் புரட்டும் நூல் அதுவே.

அதன்படி, 1751 ஏப்ரலில் கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் கும்பினிப்படை ஒன்று நவாப் முகமது அலிக்கு ஆதரவாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 500 ஐரோப்பியர், ஆப்பிரிக்க வீரர் 100 பேர், சிப்பாய்கள் 1000 பேர். நவாபின் உடன்பிறந்தார் அப்துல் வகாப் கானின் படையும் இணைந்துகொண்டது. விருத்தாசலக் கோயிலில் சந்தா சாகிபின் காவற்படை இருந்தது. உயர்ந்த மதில்களைக் கொண்ட விருத்தகிரீசுவரர் கோயில் அக்காலப் போர்களில் கோட்டையாகவே பயன்பட்டது. மதிலேறுவதற்கான ஆயத்தங்களைக் கண்டதும் காவலர் பணிந்தனர். அங்கிருந்து வெள்ளாற்றைக் கடந்து தென்மேற்கே சென்ற படை, வாலிகண்டபுரத்துப் பாறைக்கோட்டையின் எதிரே நின்றது. கோட்டைத்தலைவன் இரு தரப்போடும் பேச்சு நடத்திக் காலம் கடத்தினான். பொறுமையிழந்த ஜிஞ்சன் தாக்கினார். பேட்டை எரிந்தது, கோட்டை விழவில்லை. பின்னர்ச் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் நெருங்கிவர, போர்க்களத்தில் கும்பினியின் ஐரோப்பிய அணி அச்சம் கொண்டு குலைந்து ஓடிற்று. அதிகாரிகளும், அப்போது படையில் உணவுப்பொருள் கண்காணிப்பாளராக இருந்த கிளைவும் தடுக்க முயன்றும் பயனில்லை. அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து ஓடுவோரை இடித்துரைத்தார். ஆப்பிரிக்க வீரர் அணி மட்டும் மேலும் சிறிதுநேரம் நிலைத்து நின்று, விழுந்த வீரர்களையும் கொண்டு ஒழுங்காகப் பின்வாங்கிற்று. ஓர்மின் விவரிப்பின் சாரம் இது.

இதன்பின் ஜூலையில் பிகட் என்ற ஆலோசனைக்குழு உறுப்பினரும் கிளைவும் விருத்தாசலத்திற்குப் பொருள்களைக் கொண்டுசேர்த்துவிட்டு, 12 சிப்பாய்களோடும் சில பணியாளரோடும் திரும்பினர். வழியில் பாளையக்காரர் ஒருவரின் ஆட்கள் திரித்துப்பாக்கிகளால் சுட்டுத் தொல்லைப்படுத்தினர். சிப்பாய்கள் பலர் இறந்தனர். மருந்தும் குண்டும் தீர்ந்தன. எஞ்சியோரைக் கலைந்து செல்லுமாறு பணித்துவிட்டு, குதிரைகளின் விரைவால் அவ்விரு அதிகாரிகளும் உயிர்தப்பினர். அடுத்த மாதமே கிளைவு ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டதால், பிற்கால நூல்களில் இந்நிகழ்ச்சி அவர் வாழ்க்கைக் கதையின் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கியது. இறந்த சிப்பாய்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

மனவுறுதி எண்

மேற்கூறிய விதிநூலில் ஒவ்வொரு படைத்தட்டிற்கும் ஒரு மனவுறுதி எண் உண்டு. நெருக்கடி வரும்போது ஆறுமுகப் பகடை உருட்டப்படும். விழும் எண் மனவுறுதி எண்ணைக் கடந்தால் படை குலையும். எண் 6 பெற்ற படை ஏறக்குறைய அசையாது. 4 பெற்ற படை மும்முறைக்கு ஒருமுறை தடுமாறும். எளிய, ஆடுவதற்கு இனிய ஏற்பாடு. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது?

அதனைப் போர்க்காட்சியை அமைப்பவர் வரலாற்று நூல்களிலிருந்து எடுக்கிறார். ஓர்மைப் படித்து அட்டவணை நிரப்பும் ஒருவர் என்ன செய்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. நூல் முழுவதும் ஐரோப்பியரின் ஒழுங்கைப் பற்றியும் உள்நாட்டுப் படைகளின் ஒழுங்கின்மையைப் பற்றியும் பொதுத்தொடர்கள் பரவிக்கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஐரோப்பிய அணிக்கு 5, சிப்பாய்களுக்கு 4, பாளையக்காரரின் ஆட்களுக்கு 3 என்ற வரிசை தானாகவே அமைந்துவிடும். அதே ஓர்ம் வாலிகண்டபுரத்தில் தந்துள்ள செய்தி இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அங்கு ஓடியவர் யார், நின்றவர் யார் என்பதில் ஐயமில்லை. பொதுத்தொடர் எண்ணாகிவிடுகிறது, தனிச்செய்தியோ பகடையின் ஒரு விபத்தாகிவிடுகிறது. 'அன்று ஐரோப்பியருக்குப் பகடை சரியாக விழவில்லை' என்றே ஆடுபவர் கூறிக்கொள்வார். ஒரு மக்கள் கூட்டத்தின் இயல்பு ஆட்டம் தொடங்கும் முன்பே தட்டின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்க, அன்றைய நிலைமைக்கு அதை மாற்றும் ஆற்றல் இல்லை. தன் முன்னோர் பாளையக்காரர் படையில் இருந்தனர் என்று கேட்டு வளர்ந்த விருத்தாசலம் வட்டாரத்துச் சிறுவன் ஒருவன் இவ்வாட்டத்தை ஆட அமர்ந்தால், அவன் கையில் கொடுக்கப்படும் தட்டில் '3' என்று எழுதியிருக்கும். காரணம் கேட்டால் விதிநூல் வரலாற்றைச் சுட்டும். வரலாற்று நூல் இன்னோர் அடைமொழியைச் சுட்டும்.

இதனினும் கூரிய சிக்கல் அளவையில் உள்ளது. 500 ஐரோப்பியர் ஓர் அலகு. 1000 சிப்பாய்கள் ஈரலகு. ஆப்பிரிக்க வீரர் 100 பேர் ஓர் அலகின் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கிற்குத் தட்டு இல்லை. அளவையைப் பாதியாக்கி 250 பேருக்கு ஓர் அலகு என்று கொண்டாலும் அவர்கள் தேறமாட்டார்கள். ஆகவே அவர்கள் ஐரோப்பியத் தட்டிலோ சிப்பாய்த் தட்டிலோ கரைக்கப்படுவர். வாலிகண்டபுரத்தில் அன்று நினைக்கத்தக்க செயலைச் செய்தவர்கள், செய்யாதவர்களின் எண்ணுக்குள் அடங்கிப்போவர். 1600 பேர் கொண்ட படைக்குப் பெரும்போர் விதியைப் பொருத்துவதே தவறு என்று சாட்விக் தரப்பில் மறுக்கலாம்; மறுப்பு ஓரளவு நேர்மையானது. ஆனால் நூறுபேர் நின்று பிறரைக் காக்கும் நிலை பரங்கிப்பேட்டையைப் போன்ற பெருங்களத்திலும் எழக்கூடியதே. அங்கும் அளவை அவர்களைக் காணாது.

தும்பைத் துறைகள்

தமிழ்ப் புறத்திணை மரபில் தும்பையே பெரும்போருக்குரிய திணை. ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி. மதில் முற்றுதல் உழிஞை. தம் வலிமையையே பொருளாகக் கொண்டு இரு வேந்தர் களங்குறித்துப் பொருவது தும்பை. தொல்காப்பியம் அதற்குப் பன்னிரு துறைகள் வகுக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைப் பெருக்குகிறது. போரின் அளவு பெரிதாகும்போது இலக்கணம் எங்கே கண்வைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

தானை, யானை, குதிரை ஆகியவற்றின் நிலைகளோடு தொகுதி முடிந்துவிடுகிறது. அவை விதிநூலின் படைவகைகளுக்கு ஒப்பானவை. அதன்பின் வருவனவெல்லாம் தனியொருவரின் அல்லது இருவரின் நிலைகள். தன் வேந்தன் பகைவரால் சூழப்பட்டதைக் கண்டு, வேறிடத்தில் பொருதுகொண்டிருந்த ஒருவன் மீண்டுவந்து தாக்குவது தார்நிலை. களிற்றை வீழ்த்தி அதன் கீழேயே தானும் மடிவது களிற்றுடனிலை. தன் படை உடைந்து பின்னிடும்போது, அதன் பின்னணியைத் தாங்கிப் பகைப்படையை எதிர்த்து ஒருவன் நிற்பது எருமைமறம்.

வாலிகண்டபுரத்தில் ஆப்பிரிக்க அணி செய்தது எருமைமறமே. 1751இன் ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் வியப்போடு குறித்துச் செல்வதை, தமிழ் இலக்கணம் பெரும்போரில் எதிர்பார்க்கத்தக்க நிலையாக முன்னரே பெயரிட்டு வைத்திருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்ப்பது வலிந்து பொருத்துதல் எனத் தோன்றலாம். ஆயின் இலக்கணத்தின் ஓர் இயல்பை நோக்கினால் இப்பொருத்தம் இயல்பானதே. எருமைமறத்தின் இலக்கணத்தில் அவன் எந்நாட்டான், எக்குடியினன், எத்தகைய பயிற்சியுடையவன் என்ற வரையறை இல்லை. படை உடைந்திருக்க வேண்டும். அவன் நிற்க வேண்டும். நிலைமையும் செயலுமே துறையை ஆக்குகின்றன. இதனால்தான் மனவுறுதி எண்ணைப் போல் அதனை முன்கூட்டி எவர்மேலும் எழுதிவைக்க இயலாது.

புறநானூற்றில் 274, 275 ஆகிய பாடல்கள் எருமைமறத் துறையின. இரண்டாவதில் ஒரூஉத்தனார் காட்டும் வீரன், கன்றை நாடிச் செல்லும் கறவையைப் போலப் பகைவரிடையே அகப்பட்ட தன் தோழனை நோக்கிச் செல்கிறான். போர்க்களத்தில் ஒருவன் ஏன் நிற்கிறான் என்ற வினாவுக்கு அப்புலவர் தரும் விடை, பயிற்சியோ இனமோ அரசப்பற்றோ அன்று. அருகிலிருப்பவன்மேல் உள்ள பற்று. மேலைநாட்டுப் படையியலார் 20ஆம் நூற்றாண்டில் சிறு குழுவின் பிணைப்பே மனவுறுதியின் அடிப்படை என்று விரிவாக எழுதினர். விதிநூல்களோ ஐந்நூறு பேரை ஓரெண்ணாக்கும்போது அப்பிணைப்பையே முதலில் இழக்கின்றன.

வெற்றி பற்றிய விதியும் இங்கு ஒப்பிடத்தக்கது. பார்க்கரின் 'டி.பி.ஏ.' விதியில் ஒரு படைக்குப் பன்னிரு தட்டுகள். நான்கை இழந்து, பகைவரினும் மிகுதியாகவும் இழந்தவர் தோற்றவர். விளையாட்டென்றால் முடிவு வேண்டும். தும்பையோ இருவரும் தபுநிலை, தொகைநிலை என இரு துறைகளை வெற்றியற்ற முடிவுக்கென்றே ஒதுக்குகிறது. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது இருவருமே மடிந்ததைப் பாடும் புறநானூற்று 62, 63ஆம் பாடல்கள் தொகைநிலைக்கு உரியவை. கழாத்தலையாரும் பரணரும் அக்களத்தில் வென்றவரைத் தேடவில்லை. மேசை விளையாட்டில் இத்தகைய முடிவு 'சமன்' என்றே பதிவாகும். ஆடியவர் இருவரும் கைகுலுக்கித் தேநீர் அருந்தச் செல்வர்.

இலக்கணத்தை உயர்த்தியும் விதிநூலைத் தாழ்த்தியும் இவ்வொப்பீட்டை முடித்துவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. தும்பைத் துறைகள் பாடலுக்கு எழுந்தவை. எத்தனை பேர் நின்றால் எத்தனை பேர் தப்புவர் என்ற காரண காரியக் கணக்கு அவற்றில் இல்லை. வீரனின் நிலையைப் போற்றும் அவை, அஞ்சி ஓடியவனுக்குத் துறை வகுப்பதில்லை. வாலிகண்டபுரத்தில் ஓடிய ஐந்நூற்றுவரின் அச்சத்தைப் புரிந்துகொள்ள மனவுறுதிச் சோதனையே உதவுகிறது. வஞ்சியில் பகைவர் நாட்டை எரியூட்டுதல் புகழுக்குரிய துறையாகிவிடுகிறது. வாலிகண்டபுரத்துப் பேட்டையில் வீடிழந்தவர்க்கு இலக்கணத்திலும் இடமில்லை, விதிநூலிலும் இல்லை. சாட்விக்கின் நூல் களைப்பைக் கணக்கிடுகிறது. குறிப்பிட்ட இழப்பிற்குப்பின் ஒரு படைப்பகுதி முன்னேற இயலாது என்கிறது. இத்தகைய நடைமுறை அறிவைப் புறத்திணையில் தேடிப் பயனில்லை.

மூன்றாம் தரப்பு

பிகட்டையும் கிளைவையும் வழிமறித்த பாளையக்காரரின் ஆட்களைப் பொறுத்தவரை வேறொரு குறை வெளிப்படுகிறது. மேசைக்கு இரு புறங்களே உள்ளன. கும்பினி ஒருபுறம், பிரெஞ்சுக்காரர் மறுபுறம் என்று பிரித்தபின், பாளையக்காரரை இரண்டில் ஒன்றின் துணைப்படையாகச் சேர்ப்பதே விதிநூலுக்கு இயலும். விருத்தாசலத்திற்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட வழியில் அவர்கள் யாருக்காகச் சுட்டனர்? தம் எல்லையில் இசைவின்றி நடந்துசென்ற ஆயுதக்கூட்டம் என்பதே அவர்களுக்குப் போதிய காரணமாக இருந்திருக்கக்கூடும்.

புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது அரசன் ஏவலால் நிகழ்வது; பின்னது ஏவலின்றி வீரர் தாமே மேற்கொள்வது. ஆநிரையைப் பற்றிய இப்பகுப்பை 18ஆம் நூற்றாண்டின் சாலைக்கு நேரடியாகக் கொண்டுசெல்ல இயலாது. ஆயினும், ஒரு பேரரசின் பக்கமாக எண்ணப்படாத, தன்னளவில் முடிவெடுக்கும் ஆயுதக்குழு ஒன்று போரின் இயல்பான உறுப்பே என்பதை இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓர்மிற்கு அவர்கள் இடையூறு. விதிநூலுக்கு அவர்கள் 'ஒழுங்கற்ற படை' என்ற தட்டு. பெரும்போர் அளவையில் அத்தட்டும் கிடைக்காது. கிளைவோடு சென்ற 12 சிப்பாய்களும் கிடைக்கமாட்டார்கள்.

நடுவரும் உரையாசிரியரும்

ரைஸ்விட்ஸின் 1824 முறையில் ஆடுவோர் இருவருக்கும் இடையே ஒரு நடுவர் இருந்தார். ஆணைகளை எழுதி அவரிடம் கொடுப்பர். எது தெரியும், எது தெரியாது என்பதை அவர் முடிவுசெய்வார். விதிகள் மிகுந்து ஆட்டம் மந்தமானபோது, 1876இல் வெர்டி டு வெர்னோய் அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, போரறிந்த நடுவரின் தீர்ப்பிற்கே இடமளித்தார். 20ஆம் நூற்றாண்டின் பொழுதுபோக்கு விதிநூல்களில் நடுவர் பெரிதும் மறைந்தார். அவர் மனத்தில் செய்த எடைபோடுதல் தட்டின் ஓரத்து எண்ணாயிற்று. மனவுறுதி எண் குறித்த மேற்கண்ட குறை இந்த மறைவோடு தொடர்புடையது.

தமிழ் மரபில் அவ்விடத்தில் உரையாசிரியர் அமர்ந்திருக்கிறார். ஒரு பாடலின் திணை இன்னது, துறை இன்னது என்பதைச் சொற்களையும் நிலைமையையும் நோக்கியே முடிவுசெய்ய வேண்டும். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரே நூற்பாவிற்கு வேறுபட்ட எடுத்துக்காட்டுகளைத் தருவது இதனால்தான். கரந்தையையும் நொச்சியையும் தனித்திணைகளாகக் கொள்வதா என்பதிலேயே தொல்காப்பியமும் வெண்பாமாலையும் வேறுபடுகின்றன. துறை என்பது நிகழ்ந்தபின் ஒருவர் கண்டு வழங்கும் பெயர். அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு.

இதனை நடைமுறைக்குக் கொண்டுவருவது அரிதன்று. விருத்தாசலம் – கருவேப்பிலங்குறிச்சி நிலப்பகுதியை மேசையில் அமைப்பவர், வெள்ளாற்றைக் கோடையின் மணற்படுகையாகவோ மழைக்கால வெள்ளமாகவோ எந்த மாதம் என்று கேட்டுத்தான் அமைக்க முடியும். ஆற்றுக்கு அளிக்கும் அந்த நெகிழ்ச்சியை ஆட்களுக்கும் அளிக்கலாம். இன அடிப்படையிலான எண்களை நீக்கி, எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே எண்ணை வழங்கலாம். ஒரு தட்டு உடையும்போது பகடைக்கு முன் நடுவர் ஒரு வினாவைக் கேட்க வேண்டும்: அருகில் யார் இருக்கிறார்கள், அவர்களை விட்டுச்செல்ல இவர்களால் இயலுமா? இயலாது என்று அவர் கருதினால் அங்கே ஒரு தனிக்கட்டையை நிறுத்தலாம். அது ஐந்நூறு பேரைக் குறிக்க வேண்டியதில்லை. நூறு பேராகவோ ஒருவராகவோ இருக்கலாம். அது நிற்கும் சுற்றுவரை பின்னிடும் தட்டைப் பகைவர் தொடக்கூடாது. ஆட்டம் இதனால் சற்று மெதுவாகும். நடுவரின் சார்புநிலை குறித்துப் பூசலும் எழும். 'டி.பி.ஏ.' போல ஒரு மணிநேரத்தில் முடியாது. போட்டிகளுக்கு இம்முறை பயன்படாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் தரப்பிற்கு இன்னும் எளிய வழி உண்டு. இரு ஆட்டக்காரருக்கும் தெரியாமல், பாளையக்காரரின் ஆட்கள் எந்தச் சாலையோரத்தில் உள்ளனர் என்பதை நடுவர் மட்டும் குறித்துவைத்துக்கொள்ளலாம். முதலில் எவர் அவ்வழியே இசைவு கேளாமல் வருகிறாரோ, அவர்மேல் அவர்கள் சுடுவர்.